ஜூலை பதினான்காம் தேதி காரை ஓட்டியவர்

குணபூசணியிடம் நான் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். ஷா ஆலமில் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறை அவர் பொறுப்பில் இருந்தது. பழைய நிலப் பத்திரங்களும் வரைபடங்களும் கூரை வரை அடுக்கியிருக்கும். எந்த அதிகாரி வந்து பைல் கேட்டாலும், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் எழுந்திருப்பார். ஒருமுறை டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர் வாசலில் நின்று சத்தம் போட்டார். குணபூசணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எழுதிக் குடுக்கற பாரம் அந்தப் பக்கம் இருக்கு, டத்தோ" என்றார். அவ்வளவுதான்.

அவரை யாருக்கும் பிடிக்காது. எனக்கும் முதல் நான்கு வருடம் பிடிக்கவில்லை. ஒரு தேதி தப்பாக எழுதினால் முழுப் பக்கத்தையும் திரும்ப எழுத வைப்பார். ஆனால் அவர் கையில் இருந்து போன எந்தத் தாளும் ஒருநாளும் பொய்யாக இருந்ததில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றபின் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், கந்தசாமி கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில், ஏழாவது மாடி பிளாட்டில் தனியாக இருந்தார். கார் ஓட்டத் தெரியாது. எங்காவது போக வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார். நானும் ஓய்வு பெற்றுவிட்டவன். "மேடம்" என்று கூப்பிட்டுப் பழகிய வாய், அது மட்டும் மாறவில்லை.

போன வருடம் ஜனவரியில் அவருடைய பெரியப்பா மகன் விமலன் அவருக்குப் போன் செய்தார். எழுபத்தேழு வயது, பெட்டாலிங் ஜெயாவில் பெரிய வீடு, முன்னாள் வக்கீல், அவர்களுடைய யாழ்ப்பாணத்தார் சங்கத்தில் முக்கியமான ஆள். சங்கம் ஒரு சிறப்பு மலர் போடுகிறது, அதில் தன் அப்பா சிவகுருநாதனைப் பற்றி நான்கு பக்கம் வர வேண்டும் என்றார்.

சிவகுருநாதன் ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். முப்பதுகளில் கார் ரேஸ் ஓட்டினவர் என்று அந்தக் குடும்பத்தில் பெரிய பேச்சு. வெள்ளைக்காரர்களின் மோட்டார் கிளப் நடத்திய மலையேற்றப் போட்டியில், சின்ன கார்கள் பிரிவில் அவர் முதலாவதாக வந்து வாங்கிய வெள்ளிக் கோப்பை விமலன் வீட்டு வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கல்யாணம், கருமாதி எதுவானாலும் அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் கோப்பையைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

"நீதான் பைல் தோண்டுற ஆளு, பூசணி. பழைய பேப்பர்ல வந்ததெல்லாம் எடுத்துக் குடு. எழுதறதை நான் பார்த்துக்கறேன்" என்றாராம் விமலன்.

குணபூசணி என்ற பெயரை அந்த வீட்டில் சின்ன வயதிலிருந்தே பூசணி என்றுதான் சுருக்குவார்கள். அறுபத்தாறு வயதிலும் அப்படியே.

"ஏன் மேடம் ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"எங்கப்பா அவரோட தம்பி. அண்ணன் கார்ல போனாரு, இவரு சைக்கிள்ல போனாரு. சாகற வரைக்கும் அந்தக் கோப்பையை வச்சே எங்கப்பாவைக் குத்திக்கிட்டு இருந்தாங்க. அது நிஜமாவே ஜெயிச்ச கோப்பையான்னு ஒருதடவை பேப்பர்ல பார்க்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை" என்றார். மனதில் பட்டதை மறைக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

இரண்டு மாதம் அவர் வேறு எதுவும் செய்யவில்லை. அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகைகள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வருடமாகப் படித்தார். சிவகுருநாதன் ரேஸ் ஓட்டியது உண்மைதான். பெயரை எஸ். நாதன் என்று சுருக்கிக் கொடுத்திருந்தார். பழைய இரண்டு இருக்கை ஆஸ்டின் கார். நான்கு போட்டிகள். முதலாவதில் கடைசி. இரண்டாவதில் கார் கால்வாயில் இறங்கிவிட்டது. மூன்றாவதில் மறுபடி கடைசி. நான்காவது, 1935 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, பகாங் போகும் மலைப்பாதையில். நான்கு நிமிடம் பதினொரு செகண்ட். முதல் பரிசு.

"மூணு தடவை தோத்த ஆளு நாலாவது தடவை எப்படி எல்லாரையும் முந்தினாரு?" என்று என்னிடம் கேட்டார்.

"பழகியிருப்பாரு லா, மேடம்."

அவர் பூதக்கண்ணாடியை மறுபடி எடுத்தார்.

பத்திரிகையில் இன்னொரு விஷயமும் இருந்தது. அந்தப் போட்டிகளில் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் மெக்கானிக் ஒருவர் உட்காருவது வழக்கம். நாதனின் மெக்கானிக் பெயர் ஏ. பாவா, கிள்ளான். ஆனால் ஜூலை 14 அன்று மெக்கானிக்குக் காய்ச்சல் என்பதால் நாதன் தனியாகவே ஓட்டினார் என்று ஒரு வரி போட்டிருந்தார்கள்.

ஏப்ரலில் ஒருநாள் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அழைத்துப் போனேன். சிவகுருநாதனின் ரயில்வே சேவைக் கோப்பு அங்கே இருந்தது. மதியம் வரை வெளியே காத்திருந்தேன். அவர் வந்து காரில் ஏறினார். பெல்ட் போட்டுக்கொள்ளவில்லை. கார் கிளம்பியதும் பேசினார்.

"வாசு, 1935 ஜூலை ஒன்பதாம் தேதி பெரியப்பாவை மலேரியாக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. இருபதாம் தேதிதான் வெளிய விட்டிருக்காங்க. டாக்டர் கையெழுத்து இருக்கு. லீவு கணக்கு இருக்கு. மேலதிகாரி கையெழுத்து இருக்கு."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன்.

"அப்ப பதினாலாம் தேதி?"

"வார்டுல படுத்திருக்காரு. பேப்பர்ல மெக்கானிக்குக் காய்ச்சல்னு போட்டிருக்கான். கோப்புல கிராணிக்குக் காய்ச்சல்னு இருக்கு. ஒருத்தன்தான் மலையில இருந்திருக்கான். அது யாருன்னு உனக்கே தெரியும்."

கிளப்பின் விதியையும் அவர் தேடி எடுத்திருந்தார். மோட்டார் தொழிலில் கூலி வாங்குகிறவர்கள் போட்டியில் ஓட்டக் கூடாது. பொழுதுபோக்குக்காக ஓட்டும் கனவான்களுக்கு மட்டும்தான் அனுமதி. பட்டறைக்காரரான பாவா தன் பெயரில் ஓட்டியிருக்கவே முடியாது. தோல் தொப்பி, முகத்தை மறைக்கும் கண்ணாடி, கார் மேல் நாதனின் எண். ஒரு தமிழனுக்கும் இன்னொரு தமிழனுக்கும் வித்தியாசம் பார்க்க அந்தக் கிளப்புக்காரர்களுக்கு என்ன அவசியம்?

பாவாவின் குடும்பத்தைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. பட்டறை இருந்த தெருவில் ஒரு பழைய கடைக்காரர், பாவாவின் பேத்தி பரீதா துணிக்கடை வைத்திருப்பதாக வழி சொன்னார். கிள்ளான் லிட்டில் இந்தியாவில், இரண்டு நகைக்கடைகளுக்கு நடுவே சின்னக் கடை. பரீதாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். எங்களை வாடிக்கையாளர்கள் என்று நினைத்து ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"வாங்கக்கா, என்ன பார்க்கறீங்க? பட்டா, காட்டனா?"

குணபூசணிக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "நான் பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து வரேன். ரயில்வே சிவகுருநாதனோட தம்பி மக" என்றார்.

பரீதாவின் முகம் அப்படியே இறுகிவிட்டது.

"எழுந்திரிங்க."

"நான் ஒரு விஷயம் கேட்கத்தான்..."

"எழுந்திரிங்கன்னு சொல்றேன். உங்க வீட்டு ஆளு ஒருதடவை வந்து எடுத்துக்கிட்டுப் போனது பத்தாதா? இன்னும் என்ன இருக்குன்னு பார்க்க வந்தீங்களா?"

குணபூசணி எழுந்து நின்றார். ஆனால் வெளியே போகவில்லை. "யாரு வந்தாங்க? என்ன எடுத்தாங்க?"

"அந்த வக்கீலு. எண்பத்தஞ்சாம் வருஷம். என் கல்யாணத்துக்கு முந்தின மாசம், அதான் ஞாபகம் இருக்கு. எங்க நன்னாவோட போட்டோவை, காப்பி எடுத்துட்டு ரெண்டு நாள்ல தரேன்னு எங்கம்மாகிட்ட வாங்கிட்டுப் போனாரு. நாப்பது வருஷம் ஆச்சு. எங்கம்மா எத்தனை தடவை பஸ் ஏறி அவரு ஆபீஸுக்குப் போனாங்க தெரியுமா? கடைசித் தடவை காவலாளியை விட்டு வெளிய அனுப்பிட்டாங்க."

தாயின் தகப்பனை அவர்கள் நன்னா என்றுதான் கூப்பிடுவார்கள். பாவா அவருடைய நன்னா.

"அந்தப் போட்டோல என்ன இருந்துச்சு?" என்று கேட்டார் குணபூசணி.

"கார்ல நன்னா உட்கார்ந்திருக்காரு. மடியில கோப்பை. பின்பக்கம் உங்க பெரியப்பா கையெழுத்துல எழுதியிருந்துச்சு. இதை யாருக்கும் காட்டாதே, கிளப்புக்குத் தெரிஞ்சா என் வேலைக்கும் ஆபத்துன்னு."

கடைக்குள் ஒரு பெண் தன் பிள்ளையுடன் வந்தாள். பரீதா அவளுக்குப் பாவாடைத் துணி காட்டி, அளந்து, கிழித்து, பையில் போட்டுக் கொடுத்தார். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். அவள் போனபின் பரீதா எங்களைப் பார்க்காமல் பேசினார்.

"நன்னா எங்ககிட்ட சொல்லுவாரு. மலையில வெள்ளைக்காரனையெல்லாம் நான் முந்தினேன், மூணாவது வளைவுல நான் பிரேக்கையே தொடலன்னு. எங்க வீட்ல யாரும் நம்பல. எங்க மாமா 'கதை விடாதீங்க வாப்பா'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுவாரு. நானும் சிரிச்சேன். எனக்கு எட்டு வயசு, மாமா சிரிச்சாருன்னு நானும் சிரிச்சேன். எழுவத்தொண்ணுல மௌத்தாயிட்டாரு. அதுக்கப்புறம்தான் பெட்டியில அந்தப் போட்டோ கிடைச்சுது. காட்டியிருந்தா நம்பியிருப்போம். வாக்குக் குடுத்துட்டாராம். காட்டவே இல்ல."

"நான் அதை எழுதறேன்" என்றார் குணபூசணி.

"நீங்க எழுதி எனக்கு என்ன ஆகப் போவுது? அந்தப் போட்டோவைக் கொண்டு வாங்க. இல்லாட்டி இந்தக் கடைப் பக்கம் வராதீங்க."

கோலாலம்பூர் திரும்பும்போது கூட்டரசு நெடுஞ்சாலையில் ஜாம். குணபூசணி முன்னால் நின்ற லோரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணனுக்கு எண்பத்தஞ்சுலேயே தெரியும், வாசு. தெரிஞ்சுக்கிட்டேதான் என்னை ஏவினாரு. பேப்பர் மட்டும் பார்ப்பா, ஆஸ்பத்திரிக் கோப்பு வரைக்கும் போகமாட்டான்னு நினைச்சிருக்காரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை விமலன் வீட்டுக்குப் போனோம். நான் காரிலேயே இருக்கிறேன் என்றேன். "வா, சாட்சி வேணும்" என்றார். வரவேற்பறையில் விமலனும் அவர் மனைவி கௌசலாவும் இருந்தார்கள். கௌசலாவுக்கும் குணபூசணிக்கும் முப்பது வருடமாகப் பேச்சு சரியில்லை. அவர் எங்களுக்குத் தண்ணீர்கூடக் கொண்டுவரவில்லை.

குணபூசணி தாள்களை மேசைமேல் வரிசையாக வைத்தார். பத்திரிகைச் செய்தி. ஆஸ்பத்திரிக் குறிப்பு. கிளப் விதி. விமலன் கண்ணாடி போட்டுக்கொள்ளாமலே அவற்றைத் தள்ளி வைத்தார்.

"இதெல்லாம் எதுக்கு? நான் உன்கிட்ட என்ன கேட்டேன்?"

"பாவாவோட போட்டோ எங்க, அண்ணா?"

"எந்தப் பாவா?"

"நீங்க கிள்ளான்ல போய் வாங்கிட்டு வந்த போட்டோ. எண்பத்தஞ்சுல."

விமலன் கோப்பை இருந்த கண்ணாடிப் பெட்டிப் பக்கம் திரும்பினார். பிறகு வக்கீல் குரல் வந்தது. "இங்க பாரு பூசணி. கார் அப்பாவோடது. பெட்ரோல் அப்பாவோடது. பேரு குடுத்தது அப்பா. அன்னைக்கு உடம்பு சரியில்ல, டிரைவரை ஓட்டச் சொன்னாரு. டிரைவர் ஓட்டினா அது முதலாளி ஜெயிச்ச மாதிரிதான்."

"ரேஸ்னாலே ஓட்டறதுதான் அண்ணா. வேற என்ன இருக்கு அதுல?"

"உனக்கு என்ன பிரச்சினைன்னு எனக்குத் தெரியாதா? சித்தப்பாவுக்கு இருந்த அதே பொறாமை. சாகற வரைக்கும் எங்கப்பாவைப் பார்த்து வயிறு எரிஞ்ச மனுஷன். அதே புத்தி உனக்கு."

நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். குணபூசணி அசையவில்லை.

"ஆமா, பொறாமைதான். பொறாமையிலதான் தேடவே ஆரம்பிச்சேன். அதனால ஜூலை பதினாலாம் தேதி பெரியப்பா வார்டுல இல்லாம போயிடுவாரா?"

"வெளிய போ."

"போட்டோவைக் குடுங்க, போறேன்."

"அது இல்ல. எரிச்சாச்சு."

"அப்படியா? அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

விமலன் மேசையை ஓங்கித் தட்டினார். தாள்கள் பறந்து தரையில் விழுந்தன. குணபூசணி குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மறுபடி அதே வரிசையில் அடுக்கினார். சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பதிவறையில் அவர் அப்படி உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அரை மணி நேரம் ஆயிற்று.

கடைசியில் கௌசலாதான் எழுந்தார். உள்ளே போய், ஒரு பழுப்பு உறையை எடுத்துவந்து குணபூசணியின் மடியில் எறிந்தார்.

"கௌசலா!" என்று கத்தினார் விமலன்.

"இது இங்கேயே உட்கார்ந்துக்கிட்டு இருக்கும். நாலு மணிக்கு என் தங்கச்சி சம்பந்தி வீட்டுக்காரங்க வராங்க. இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றவர், குணபூசணியைப் பார்த்து, "எடுத்துக்கிட்டுப் போ. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்றார்.

காரில் ஏறியபின்தான் உறையைத் திறந்தார். பரீதா சொன்ன மாதிரியே இருந்தது. ஒல்லியான ஆள், நெற்றிக்கு மேல் தூக்கிவிட்ட கண்ணாடி, கண்ணைச் சுற்றி மட்டும் வெளுத்து மீதி முகமெல்லாம் புழுதி. மடியில் கோப்பை. சிரிக்கவில்லை. இவ்வளவு வேகமாக வந்து நின்ற பிறகு அடுத்து என்ன செய்வதென்று தெரியாதவர் போல் இருந்தார். பின்பக்கத்து எழுத்தைக் குணபூசணி உரக்கப் படித்தார். "பாவாவுக்கு. நீ ஓட்டியது போல் நான் ஒருநாளும் ஓட்ட முடியாது. இதை யாருக்கும் காட்டாதே, கிளப்புக்குத் தெரிந்தால் என் வேலைக்கும் ஆபத்து. எஸ். சிவகுருநாதன்."

"அவருக்காவது தெரிஞ்சிருக்கு" என்றார். அந்த ஒரு வருடத்தில் தன் பெரியப்பாவைப் பற்றி அவர் கொஞ்சம் இரக்கமாகச் சொன்னது அது ஒன்றுதான்.

நேராகக் கிள்ளானுக்குப் போகச் சொன்னார். பரீதா படத்தை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். முந்தானையால் ஒருமுறை துடைத்தார். நன்றி என்று சொல்லவில்லை.

"அந்த வக்கீல் மன்னிப்புக் கேட்டாரா?"

"இல்ல. கேட்கவும் மாட்டாரு."

"நீங்க?"

"நான் எதுக்குக் கேட்கணும்? நான் எடுக்கல."

பரீதா நிமிர்ந்து பார்த்தார். அடிக்கப் போகிறாரோ என்றுகூட நினைத்தேன். "உங்க குடும்பத்துல எல்லாருமே இப்படித்தானா?" என்று கேட்டார்.

"அநேகமா" என்றார் குணபூசணி.

"சரி. போங்க. எழுதறதுன்னா அவரு முழுப் பேரையும் எழுதுங்க. அப்துல் ஹமீது பாவா. வெறும் ஏ இல்ல."

குணபூசணி எழுதினார். இரண்டே பக்கம். தேதி, ஆதாரம், கோப்பு எண், முழுப் பெயர். சங்கத்துக்கு அனுப்பினார். மலர்க்குழு ஒரே நாளில் திருப்பி அனுப்பிவிட்டது. செப்டம்பரில் மலர் வெளியானது. கோப்பையின் வண்ணப் படத்தோடு, வெள்ளையரை வென்ற தமிழர் என்று விமலன் எழுதிய ஆறு பக்கம் அதில் இருந்தது.

வெளியீட்டு விழாவன்று மண்டப வாசலில் குணபூசணி நின்றார். தன் இரண்டு பக்கத்தை இருநூறு பிரதி எடுத்து, உள்ளே போகிற ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். சிலர் வாங்கினார்கள். தெரிந்தவர்கள் பலர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். குழுவில் ஒருவர் வந்து தாள் கட்டைப் பிடுங்கினார். கால்வாசி கிழிந்தது. "ஆன்டி, பெரிய மனுஷி, அசிங்கம் பண்ணாதீங்க" என்றார்.

"எது அசிங்கம்? நான் குடுக்கறதுல ஒரு வரி தப்புன்னு காட்டு, நானே கிழிக்கறேன்" என்றார் அவர்.

காட்ட யாராலும் முடியவில்லை. ஆனால் காவலாளியைக் கூப்பிட முடிந்தது. அந்த மாதமே அவருடைய சங்க உறுப்பினர் உரிமையை நிறுத்திவைத்துக் கடிதம் வந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். ஒன்றுவிட்ட தங்கை லோகேஸ்வரி மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள்: படித்தேன், ஆனால் நான் படித்தேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். குணபூசணி அதற்குப் பதில் போடவில்லை. அன்று மட்டும் அவர் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. கோபப்படுகிறவர்களை அவரால் தாங்க முடியும். பயப்படுகிறவர்களைத்தான் தாங்க முடியாது.

நவம்பரில் விமலன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். தன் வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற புகைப்படத்தைப் பதினான்கு நாளுக்குள் திருப்பித்தர வேண்டும். குணபூசணி பதிலைக் கையாலேயே எழுதினார். "படம் அதன் உரியவரிடம் இருக்கிறது. முகவரி வேண்டுமென்றால் எழுதிக் கேட்கவும்." அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

ஆதாரங்களின் நகல்களை எல்லாம் ஒரு கோப்பாகக் கட்டி ஆவணக் காப்பகத்தில் கொடுத்தார். இனி யாராவது தேடினால் கிடைக்கும் என்றார். யார் தேடப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

இந்த வருடம் தைப்பொங்கலன்று கோயிலில் நல்ல கூட்டம். பிரசாத வரிசையில் குணபூசணி எனக்கு முன்னால் நின்றார். விமலன் பக்கவாட்டில் இருந்து, எப்போதும் போல முன்னால் போய்விடலாம் என்று வந்தார். வழியில் இவர் நிற்பதைப் பார்த்ததும் நின்றார். எட்டு மாதம் கழித்து அவர்கள் நேருக்கு நேர் பார்ப்பது அப்போதுதான்.

"விலகு" என்றார் விமலன்.

"வரிசை பின்னால இருக்கு, அண்ணா" என்றார் குணபூசணி.